நான்கா, எட்டா? – ஒரு குமிழியின் வரலாறு

பள்ளியில் அறிவியல் படித்தவர்கள் இந்தச் சோதனையை மறந்திருக்க மாட்டார்கள். கண்ணாடி முகவை நிறையத் தண்ணீர். அதனடியில் சில ஹைட்ரில்லாத் தண்டுகள். அவற்றின்மேல் கவிழ்த்த புனல். புனலின் காம்பின்மீது நீர் நிரப்பிக் கவிழ்த்து வைத்த சோதனைக் குழாய். இவ்வளவுதான் கருவி. முகவையை வெயிலில் வைத்தால் தண்டின் நுனியிலிருந்து குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே எழும்பும். நிழலுக்குக் கொண்டுவந்தால் நின்றுவிடும். குழாயில் சேர்ந்த வாயுவில் தணல் முனையுள்ள குச்சியைக் காட்டினால் அது குப்பென்று பற்றிக்கொள்ளும். 'வெளிவருவது ஆக்சிஜன்' என்று குறிப்பேட்டில் எழுதி, படம் வரைந்து, ஆசிரியரிடம் கையொப்பம் வாங்கிவிட்டால் பாடம் முடிந்தது.

எங்கள் கல்லூரித் தாவரவியல் மாணவர் ஒருவருக்கு அத்துடன் பாடம் முடியவில்லை. இயற்பியல் துணைப்பாட வகுப்பில் ஒளிக் குவாண்டம் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது அவர் எழுந்து கேட்டார்: "சார், ஒளி துணுக்குத் துணுக்காகத்தான் வருகிறது என்றால், ஓர் ஆக்சிஜன் மூலக்கூறை வெளியே அனுப்பச் செடிக்கு எத்தனை துணுக்குகள் வேண்டும்?"

"குறைந்தது எட்டு" என்று சொல்லிவிட்டேன். சொல்வதற்கு ஒரு நொடி போதும். ஆனால் அந்த எட்டை உறுதி செய்ய அறிவியல் உலகுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அதற்காக ஓர் ஆசிரியரும் அவருடைய மாணவரும் மனம் கசந்து பிரிந்தார்கள். அந்த வரலாற்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

வரவு செலவுக் கணக்கு

செடி எதைத் தின்று வளர்கிறது? மண்ணைத் தின்று என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்பவர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்தாண்டுகள் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்குச் சற்று மேல் வளர்ந்திருந்தது. மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்சுதான். எனவே மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். நிறுத்த எடை சரி, கட்டிய முடிவு தவறு. காற்றை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

காற்றைக் கணக்கில் சேர்த்தவர் இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி. மெழுகுவத்தி எரிந்து அணைந்த மூடிய காற்றில் புதினாத் தளிர் ஒன்றை வைத்தார். சில நாட்களில் அந்தக் காற்றில் மீண்டும் மெழுகுவத்தி எரிந்தது. இது 1771இல். ஆனால் இதே சோதனை சில வேளை பலித்தது, சில வேளை பலிக்கவில்லை. காரணம் யாருக்கும் புரியவில்லை. ஹாலந்து நாட்டு மருத்துவரான இங்கன்ஹவுஸ் 1779 கோடையில் லண்டனுக்கு அருகே தங்கி, ஏறத்தாழ 500 சோதனைகள் செய்து புதிரை விடுவித்தார். செடியின் பச்சைப் பகுதிகள் மட்டுமே, அதுவும் வெளிச்சத்தில் மட்டுமே, காற்றைத் தூய்மையாக்குகின்றன. இருளிலோ அவையும் நம்மைப் போலக் காற்றைக் கெடுக்கின்றன.

ஒரு சோதனை சில வேளை பலித்துச் சில வேளை பலிக்காவிட்டால், அந்தக் கோளாறுக்குள் ஏதோ ஓர் உண்மை ஒளிந்திருக்கக்கூடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் மற்ற இனங்களும் கணக்கில் ஏறின. செடி கார்பன் டை ஆக்சைடை உட்கொள்கிறது என்பதை ஜெனீவாவின் செனபியே 1782இல் காட்டினார். தண்ணீரும் செடியின் எடையில் சேர்கிறது என்பதை அதே ஊரைச் சேர்ந்த தெ சொசூர் 1804இல் நிறுத்துக் காட்டினார். ஆக, கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் வரவு. மாவுப்பொருளும் ஆக்சிஜனும் செலவு. பொருள்களின் கணக்கு நேராகிவிட்டது. ஒளியின் கணக்கு மட்டும் நின்றது.

ஒளிக்கும் ஒரு கணக்கு

ஆற்றல் அழியாது, உருமாறும் என்ற விதியைக் கண்டவர்களுள் ஒருவரான ஜெர்மானிய மருத்துவர் மேயர் 1845இல் ஒன்றைச் சொன்னார்: செடி சூரிய ஒளியின் ஆற்றலைப் பிடித்து வேதியாற்றலாகச் சேமித்து வைக்கிறது. அடுப்பில் விறகு எரியும்போது நம் முகத்தில் படும் வெப்பம், என்றோ அந்த மரத்தின் இலையில் விழுந்த வெயில்தான். ஆனால் விழுந்த வெயிலில் எத்தனை பங்கு சேமிப்பாகிறது என்று கேட்டால் அன்று யாராலும் பதில் சொல்ல இயலவில்லை.

பதிலுக்கு வழி திறந்தது இயற்பியல். ஆற்றல் துணுக்குகளாகவே உமிழப்படுகிறது என்று 1900இல் பிளாங்க் சொன்னார். ஒளியே அத்தகைய துணுக்குகளால் ஆனது என்று 1905இல் ஐன்ஸ்டைன் சொன்னார். அந்தத் துணுக்குகளைத்தான் இன்று ஃபோட்டான் என்கிறோம். ஒளியால் நிகழும் வேதிவினையில் ஒரு மூலக்கூறு ஒரு ஃபோட்டானை விழுங்கிக் கிளர்ச்சி அடைகிறது என்பதும் ஐன்ஸ்டைன் தந்த விதியே. அப்படியானால் செடி செய்யும் வேலைக்கும் ஃபோட்டான்களை எண்ணிக் கணக்குப் பார்க்கலாம் அல்லவா?

நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். 680 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியின் ஒரு ஃபோட்டானில் 1.82 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உண்டு. ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறைச் சர்க்கரையின் பகுதியாக்கி, ஓர் ஆக்சிஜன் மூலக்கூறை வெளியே விட ஏறத்தாழ 4.9 எலெக்ட்ரான் வோல்ட் தேவை. 4.9ஐ 1.82ஆல் வகுத்தால் 2.7. அரை ஃபோட்டான், கால் ஃபோட்டான் என்று கிடையாது. ஆகவே எவ்வளவு திறமையான செடியானாலும் மூன்றுக்குக் குறைவான ஃபோட்டான்களால் இந்த வேலையை முடிக்க முடியாது. நான்கு தேவைப்பட்டால், செடி தான் விழுங்கிய சிவப்பொளியில் ஏறத்தாழ 67 விழுக்காட்டைச் சேமிக்கிறது என்று பொருள். எட்டு தேவைப்பட்டால் சேமிப்பு 34 விழுக்காடு.

எனவே 'நான்கா, எட்டா?' என்ற கேள்வி எண் விளையாட்டு அன்று. உயிர் உலகம் முழுவதற்கும் சோறு போடும் அடுப்பின் திறன் எவ்வளவு என்ற கேள்வி அது.

வார்பர்க்கின் நான்கு

பெர்லினில் ஓட்டோ வார்பர்க் என்ற உயிர்வேதியியல் அறிஞர் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். அவருடைய தந்தை எமில் வார்பர்க் புகழ்பெற்ற இயற்பியலறிஞர். ஐன்ஸ்டைனின் ஒளிவேதியியல் விதியைச் சோதனை செய்து பார்த்தவர். தந்தை வாயுக்களில் செய்ததை மகன் உயிருள்ள பொருளில் செய்யத் துணிந்தார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது இலையன்று; குளம் குட்டைகளில் வளரும் குளோரெல்லா என்னும் ஒற்றைச் செல் பச்சைப் பாசி. அதைத் திரவத்தில் அடர்த்தியாகக் கலக்கி வைத்தால், உள்ளே செலுத்தும் ஒளியை ஏறத்தாழ முழுவதும் விழுங்கிவிடும். எனவே எத்தனை ஃபோட்டான்கள் விழுங்கப்பட்டன என்பதை நேராகக் கணக்கிடலாம்.

வெளிவரும் ஆக்சிஜனை அளக்க அவர் பயன்படுத்தியது மானோமீட்டர் என்னும் அழுத்தமானி. மூடிய சிறு குப்பி. அதில் பாசிக் கரைசல். பக்கத்தில் திரவம் நிரம்பிய வளைகுழாய். குப்பியில் ஆக்சிஜன் கூடினால் அழுத்தம் ஏறும், குழாயில் திரவமட்டம் நகரும். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒளியில் பாசி ஆக்சிஜனை வெளியிடும் அதே வேளையில் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுகிறது. ஒன்று அழுத்தத்தை ஏற்றுகிறது, மற்றொன்று இறக்குகிறது. கண்ணுக்குத் தெரிவதோ இரண்டின் நிகர விளைவு மட்டுமே. ஒரே சமன்பாடு, இரண்டு அறியாக் கணியங்கள்! எனவே இரண்டு வாயுக்களும் மாறாத ஒரு விகிதத்தில் பரிமாறிக்கொள்ளப்படுகின்றன என்று வைத்துக்கொண்டுதான் கணக்கை முடிக்க வேண்டியிருந்தது. சில நிமிடம் ஒளி, சில நிமிடம் இருள் என்று மாற்றி மாற்றி அளந்து, இருளில் நடக்கும் சுவாசத்தையும் கழித்துக்கொண்டார் வார்பர்க்.

1922, 1923ஆம் ஆண்டுகளில் அவரும் அவருடைய உதவியாளர் நெகெலைனும் முடிவை வெளியிட்டனர். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுக்கு ஏறத்தாழ நான்கு ஃபோட்டான்கள்.

எவ்வளவு அழகான விடை! தண்ணீரிலிருந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு பிறக்க நான்கு எலெக்ட்ரான்கள் இடம் மாற வேண்டும் என்பதைப் பின்னாளில் அறிந்தோம். எலெக்ட்ரானுக்கு ஒரு ஃபோட்டான் என்று கணக்குக் கச்சிதமாக முடிகிறது. சுவாச நொதி பற்றிய ஆய்வுக்காக வார்பர்க்குக்கு 1931இல் நோபல் பரிசும் கிடைத்தது. அவர் அளந்த நான்கு, பாடநூல்களில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மாணவர் கண்ட பிழை

ராபர்ட் எமர்சன் 1903இல் நியூயார்க்கில் பிறந்தவர். பெர்லினுக்குச் சென்று வார்பர்க்கிடமே ஆய்வு செய்து 1927இல் டாக்டர் பட்டம் பெற்றார். மானோமீட்டரை எப்படிக் கையாள்வது என்பதை அதை உயிரியலாய்வுக்குப் பழக்கியவரிடமே கற்றவர் என்று சொல்லலாம்.

1938இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு முறைகளில் அளந்து, நான்கைவிட மிக அதிகமான எண்ணைக் கண்டார்கள். அவ்வளவு பெரிய மனிதர் தவறாக அளந்திருப்பாரா? எமர்சன் தம் நண்பர் லூயிஸுடன் சேர்ந்து, கலிபோர்னியாவில் கார்னகி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்கத் தொடங்கினார்.

இங்கே இயற்பியல் மாணவர்கள் நின்று கவனிக்க வேண்டும். அழுத்தமானியின் திரவமட்டத்தை எமர்சன் வெறுங்கண்ணால் படிக்கவில்லை. கேதெட்டோமீட்டர் என்னும் தொலைநோக்கி பொருத்திய உயர அளவியால் படித்தார். நம் ஆய்வுக்கூடத்து நகரும் நுண்ணோக்கிக்கு அண்ணன் முறை அது. அந்த நுட்பம் இருந்ததால், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அல்ல, நிமிடத்துக்கு நிமிடம் மட்டம் எப்படி நகர்கிறது என்று அவரால் பார்க்க முடிந்தது.

பார்த்தபோது பிழை பிடிபட்டது. இருளில் இருந்த பாசியின்மேல் ஒளி விழுந்த முதல் சில நிமிடங்களில், பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவதற்குப் பதில், அதையே ஒரு மூச்சாக வெளியே தள்ளுகிறது! அந்த வாயுவும் அழுத்தத்தை ஏற்றும். வாயு விகிதம் மாறாது என்று எடுத்துக்கொண்ட வார்பர்க்கின் கணக்கில் அந்த ஏற்றமும் ஆக்சிஜனாகவே எழுதப்பட்டுவிட்டது. ஒளி, இருள் என்று சில நிமிடங்களுக்கு ஒரு முறை மாற்றும்போது ஒவ்வொரு முறையும் இந்தக் கள்ளக் கணக்கு வரவில் சேர்ந்தது. ஆக்சிஜன் உண்மையைவிட அதிகமாகத் தெரிந்ததால், தேவைப்பட்ட ஃபோட்டான்கள் குறைவாகத் தெரிந்தன. அந்த முதல் மூச்சை ஒதுக்கிவிட்டு அளந்தபோதும், கார்பன் டை ஆக்சைடின் அளவு மாறாதபடி காக்கும் காரக் கரைசலில் பாசியை வைத்து அளந்தபோதும், எமர்சனுக்குக் கிடைத்த எண் பத்தை ஒட்டியே இருந்தது. நான்கு எங்கும் தலைகாட்டவில்லை.

அர்பானாவில் ஒரு கோடை

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் எமர்சன் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், அர்பானா என்ற சிற்றூரில் ஆய்வுக்கூடம் அமைத்தார். வார்பர்க்கோ தம் நான்கை விட்டுக்கொடுக்கவில்லை. நேரில் சேர்ந்து அளந்து பார்த்துவிடுவோம் என்று எமர்சன் அழைத்தார். 1948 கோடையில் வார்பர்க் அர்பானா வந்தார்.

அறிவியலில் இதைவிட நேர்மையான வழி உண்டா? கருத்து வேறுபாடு கொண்ட இருவர் ஒரே கூடத்தில் ஒரே பாசியை அளப்பது! ஆனால் மாதங்கள் கழிந்தும் ஒற்றுமை ஏற்படவில்லை. பாசியை வளர்க்கும் விதம் சரியில்லை என்றார் வார்பர்க். கணக்கிடும் முறை சரியில்லை என்றார் எமர்சன். கசப்போடு பிரிந்தார்கள். வார்பர்க் அங்கிருந்து வாஷிங்டனுக்கு அருகேயுள்ள பெதஸ்டாவுக்குச் சென்று வேறு கூட்டாளிகளோடு அளந்தார். அவருடைய எண் மேலும் இறங்கி மூன்றை நெருங்கியது. அதாவது செடி ஒளியைச் சற்றும் வீணாக்காத கருவி என்றாகிவிட்டது. இயற்கை குறையற்றது என்பது வார்பர்க்கின் ஆழ்ந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு இந்த எண் மிகவும் பொருந்தியது.

இந்தச் சண்டையை உலகம் ஆவலோடு கவனித்ததற்குக் காரணம் இருந்தது. போரால் உணவு பற்றாக்குறையாகி, மக்கள்தொகை பெருகிக்கொண்டிருந்த காலம் அது. குளோரெல்லாவைத் தொட்டிகளில் பயிரிட்டு உலகின் பசியைத் தீர்க்கலாம் என்று அமெரிக்காவிலும் ஜப்பானிலும் முயற்சிகள் நடந்தன. பாசி மூன்று, நான்கு ஃபோட்டான்களில் வேலையை முடித்தால் அந்தக் கனவுக்கு வானமே எல்லை. பத்து வேண்டுமென்றால் கனவு பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். இனிய எண்ணைச் சொல்பவர் நோபல் பரிசு பெற்றவர். கசப்பான எண்ணைச் சொல்பவரோ அவரிடம் படித்த மாணவர். நீங்கள் அன்று இருந்திருந்தால் யாரை நம்பியிருப்பீர்கள்?

என்னைக் கேட்டால், ஓர் ஒப்புதல் வாக்குமூலம் தர வேண்டியிருக்கும். எம்.எஸ்ஸி. படித்தபோது ஒரு கண்ணாடி முப்பட்டகத்தின் ஒளிவிலகல் எண்ணை நிறமாலைமானியால் அளந்தேன். விடை 1.52 வர வேண்டும் என்று எனக்கு முன்பே தெரியும். ஆறு அளவீடுகளில் நான்கு அதை ஒட்டி இருந்தன. இரண்டு விலகி நின்றன. அந்த இரண்டையும் அடித்துவிட்டேன். சராசரி 1.52 வந்தது, நல்ல மதிப்பெண்ணும் வந்தது. அந்த இரண்டு அளவீடுகள் ஏன் விலகின என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போது என் மாணவர்களிடம் சொல்கிறேன்: விலகிய அளவீட்டை அடிக்காதீர்கள்; அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். எமர்சன் அப்படிப் போட்ட ஒரு கேள்விக்குறிதான் கடைசியில் கதவைத் திறந்தது.

சிவப்பின் விளிம்பில்

1943இலேயே எமர்சனும் லூயிஸும் ஒரு விந்தையைக் கண்டிருந்தார்கள். ஒளியின் நிறத்தை மாற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு நிறத்திலும் ஃபோட்டானுக்கு எவ்வளவு ஆக்சிஜன் என்று வரைபடம் போட்டார்கள். சிவப்பு வரை வரைபடம் ஏறத்தாழச் சமமாகச் சென்றது. 680 நானோமீட்டரைத் தாண்டியதும் திடீரென்று சரிந்தது. பச்சையம் அந்த அடர்சிவப்பு ஒளியை இன்னும் விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் வேலை நடக்கவில்லை! இதற்குச் 'செஞ்சரிவு' என்று பெயரிடலாம். விளக்கம் இல்லாமல் பல ஆண்டுகள் அது கிடந்தது.

இதற்கிடையே, சிவப்பொளியோடு சிறிதளவு நீலப் பச்சை ஒளியையும் சேர்த்தால்தான் தம் சிறந்த எண்கள் கிடைக்கும் என்று வார்பர்க் 1954இல் எழுதினார். எதிராளியின் பேச்சு என்று எமர்சன் அதைத் தள்ளிவிடவில்லை. கூடுதல் ஒளி என்ன செய்கிறது என்று தம் கருவியில் பார்த்தார். 1957இல் கிடைத்த முடிவு வியப்பானது. அடர்சிவப்பு ஒளியை மட்டும் தந்தால் சிறிதளவே ஆக்சிஜன். அலைநீளம் குறைந்த ஒளியை மட்டும் தந்தால் ஓரளவு ஆக்சிஜன். இரண்டையும் ஒரே நேரத்தில் தந்தால், இரண்டின் கூட்டுத்தொகையைவிட அதிகமான ஆக்சிஜன்! விளக்கத்துக்காகச் சொன்னால், தனித்தனியே 20ம் 100ம் தருபவை சேர்ந்தால் 120 தர வேண்டும். இவை 160 தந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவே 'எமர்சன் மிகுப்பு விளைவு'.

இதன் பொருள் முழுவதும் விளங்குவதற்குள் எமர்சன் மறைந்தார். 1959 பிப்ரவரி தொடக்கத்தில் அவர் சென்ற விமானம் நியூயார்க்கில் ஆற்றில் விழுந்தது. அப்போது அவருக்கு வயது 55.

இரண்டு ஆள் வேலை

கிணற்றில் தூர் வாருவதைப் பார்த்திருப்பீர்கள். ஆழம் அதிகமானால், அடியில் நிற்பவர் கூடையை நேராகக் கரைக்கு அனுப்ப முடியாது. நடுவே திட்டில் ஒருவர் நிற்பார். அடியில் உள்ளவர் அவரிடம் தூக்கிக் கொடுப்பார். அவர் அங்கிருந்து கரைக்கு ஏற்றுவார். ஒரு கூடை மண் வெளியேற இரண்டு தூக்கு வேண்டும். அடியில் உள்ளவர் உறங்கிவிட்டால், திட்டில் நிற்பவர் எவ்வளவு பலசாலியானாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

செடியிலும் நடப்பது இதுவே. 1960இல் இங்கிலாந்தின் ராபர்ட் ஹில்லும் ஃபே பெண்டாலும் இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். 1961இல் ஹாலந்தின் டாய்சன்ஸும் அவருடைய குழுவினரும் அதற்குச் சோதனைச் சான்று தந்தார்கள். தண்ணீரிலிருந்து எடுக்கும் எலெக்ட்ரானை ஒரே தூக்கில் தேவையான உயரத்துக்கு ஏற்ற முடியாது. 'ஒளியமைப்பு 2' ஒரு ஃபோட்டானை விழுங்கி அதைப் பாதி உயரம் ஏற்றுகிறது. 'ஒளியமைப்பு 1' இன்னொரு ஃபோட்டானை விழுங்கி மீதி உயரம் ஏற்றுகிறது. அடர்சிவப்பு ஒளி இரண்டாமவரை, அதாவது திட்டில் நிற்பவரை மட்டுமே எழுப்புகிறது. அடியில் உள்ளவர் உறங்குகிறார். செஞ்சரிவுக்குக் காரணம் அதுதான். அலைநீளம் குறைந்த ஒளியைச் சேர்த்ததும் அடியில் உள்ளவரும் எழுந்துகொள்கிறார். இருவரும் சேர்ந்து வேலை செய்கிறார்கள். மிகுப்பு விளைவுக்குக் காரணம் அதுதான்.

இப்போது எண்ணுங்கள். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுக்கு நான்கு எலெக்ட்ரான்கள். ஒவ்வோர் எலெக்ட்ரானுக்கும் இரண்டு தூக்கு. நான்கு இரண்டு எட்டு!

நான்கு என்ற எண்ணை மட்டும் எல்லாரும் ஏற்றுக்கொண்டு ஓய்ந்திருந்தால், இரண்டாவது ஒளியமைப்பைத் தேட வேண்டிய காரணமே யாருக்கும் இருந்திருக்காது.

வார்பர்க் 1970இல் மறைந்தார். கடைசி வரை அவர் இதை ஏற்கவில்லை. 'நான் சொன்ன நிலைமைகளில் அளக்கவில்லை' என்பதே அவர் தரப்பின் மறுப்பாக இருந்தது. அதற்கும் விடை கிடைத்தது. கொடுத்தவர்களில் இருவர் நம் நாட்டவர். அலகாபாத்தில் படித்து, எமர்சனிடம் ஆய்வு மாணவர்களாகச் சேர்ந்த கோவிந்த்ஜி, ரஜ்னி கோவிந்த்ஜி தம்பதியர், எமர்சன் மறைந்த பின் அவருடைய சக பேராசிரியர் ரபினோவிச்சிடம் பணியைத் தொடர்ந்தார்கள். வார்பர்க் வற்புறுத்திய வகையில் வளர்த்த இளம் பாசியைக் கொண்டு, மிகுந்த கார்பன் டை ஆக்சைடு சூழலில் அளந்து, 1968இல் முடிவை வெளியிட்டனர். அப்போதும் விடை ஏறத்தாழ எட்டுதான்.

1969, 1970ஆம் ஆண்டுகளில் இன்னோர் அழகிய சான்றும் வந்தது. இருளில் வைத்த செல்களின் பசுங்கணிகங்கள்மேல் கண் இமைக்கும் நேரத்தைவிட மிகக் குறுகிய ஒளித் தெறிப்புகளை ஒவ்வொன்றாக வீழ்த்தினார்கள். மூன்றாவது, ஏழாவது, பதினொன்றாவது தெறிப்புகளில் ஆக்சிஜன் உச்சம் அடைந்தது. நான்குக்கு ஒரு முறை! தண்ணீரைப் பிளக்கும் இயந்திரம் நான்கு படிகளில் சுழல்கிறது என்று பிரான்சின் ஜோலியோ செய்த இந்தச் சோதனையிலிருந்து அமெரிக்காவின் கோக் விளக்கினார். நான்கு என்ற எண்ணுக்கும் செடியில் ஓர் இடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது ஒளியமைப்பு 2இன் கணக்கு மட்டுமே. முழுச் செலவு அன்று.

வாட்டம் இல்லாமல் வாய்க்கால் ஓடாது

அப்படியானால் செடி ஊதாரியா? விழுங்கிய சிவப்பொளியில் மூன்றில் ஒரு பங்கைச் சேமித்து, மீதியை வெப்பமாக விட்டுவிடுகிறதே!

ஒரு வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். ஏரியிலிருந்து வயல் வரை ஒரே மட்டமாக வெட்டினால் உயரத்தில் இழப்பே இராது. ஆனால் தண்ணீர் ஓடாது. ஓட வேண்டுமானால் சிறிது வாட்டம் கொடுத்தே தீர வேண்டும். செடியிலும் எலெக்ட்ரான் ஒவ்வொரு படியிலும் சிறிது ஆற்றலை இழந்து இறங்குவதால்தான், வந்த வழியே திரும்பாமல் முன்னோக்கிச் செல்கிறது. 'இழப்பு' என்று நாம் எழுதும் தொகை, திரும்பி வராமல் இருப்பதற்குக் கட்டும் காவல் கூலி. இயற்கை குறையற்றது என்று வார்பர்க் நம்பினார். நம்பிக்கை தவறென்று சொல்ல மாட்டேன். குறை என்பது எது என்பதில்தான் அவர் தவறினார்.

எட்டு என்பது குறைந்த அளவு. நல்ல நிலையிலுள்ள இலையில் ஒன்பது, பத்து வரை செலவாகும். இதனோடு வேறு கழிவுகளும் உண்டு. சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதிதான் செடி பயன்படுத்தக்கூடிய நிறங்களில் இருக்கிறது. இலை ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. சுவாசத்தில் ஒரு பகுதி செலவாகிறது. எல்லாம் போக, நெல், கோதுமை போன்ற பயிர்கள் விழும் வெயிலில் மிக அதிகமாக 4.6 விழுக்காட்டையும், சோளம், கரும்பு போன்றவை 6 விழுக்காட்டையும் சேமிக்கலாம் என்று 2008இல் வெளியான ஒரு கணக்கு காட்டியது. வயலில் கிடைப்பது பெரும்பாலும் அதைவிட மிகக் குறைவு. இன்று பயிர்களின் ஒளிச்சேர்க்கையை மேம்படுத்த முயலும் விஞ்ஞானிகள் எல்லாரும் இந்த எட்டை அடிப்படையாக வைத்தே தங்கள் கணக்கைத் தொடங்குகிறார்கள். நான்கை நம்பித் தொடங்கியிருந்தால், கிடைக்கவே முடியாத விளைச்சலைத் தேடிக் காலத்தைச் செலவிட்டிருப்பார்கள்.

அடுத்த முறை ஹைட்ரில்லாவிலிருந்து குமிழி எழும்புவதைப் பார்க்கும்போது, அதில் அடங்கிய ஒவ்வோர் ஆக்சிஜன் மூலக்கூறுக்கும் எட்டு ஃபோட்டான்களாவது விலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் சொன்ன அழகான எண்ணைவிடத் தம் கருவி காட்டிய அழகற்ற எண்ணை நம்பி, இருபது ஆண்டுகள் திரவமட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதரையும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குறிப்பேட்டில் என்றாவது ஓர் அளவீடு விலகி நின்றால், அதை அடிப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.